சம்பந்தியின் அரமும் ஒரு பிஸ்டல் மேகசினும்

ஆவடியில் ஒரு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில், தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து "ஆகாது" என்று சொல்வதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. மயிரிழை கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்ததை எடுப்பேன். எதிரே நின்று ஃபோர்மேன் கத்துவார். நான் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டேன். கேன்டீனில் என் மேஜைக்கு யாரும் வந்து உட்கார மாட்டார்கள். அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது.

இந்த வீரமெல்லாம் மகளைக் கட்டிக்கொடுத்த அன்றோடு முடிந்தது. பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தி வீட்டில் எதற்கும் மறுப்புச் சொல்லக் கூடாது என்பது என் அப்பா கடைப்பிடித்த முறை, நானும் அப்படியே பிடித்துக்கொண்டேன். அங்கே போனால் காபி கசந்தாலும் பிரமாதம், மின்விசிறி ஓடாவிட்டாலும் நல்ல காற்று. எதையாவது சொல்லப்போய், நான் கிளம்பி வந்த பிறகு அங்கே இருக்கப்போவது என் பெண்தானே. அதனால் திருவேற்காட்டில் அவர்கள் தெருமுனை திரும்பும்போதே வாய்க்குப் பூட்டுப் போட்டுவிடுவேன்.

என் சம்பந்தி அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் குடும்பம் பயிர் வைத்த நிலத்தில் இப்போது வரிசையாக அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. அவரும் ஆவடியில்தான், வேறொரு தொழிற்சாலையில், ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் அரம் இருந்துவிட்டால் அவருக்கு உலகத்தில் பொருந்தாத பொருள் என்று ஒன்று கிடையாது. மூடாத குக்கர் மூடி, இறங்காத தாழ்ப்பாள், பேத்தியின் நடைவண்டி, தன்னுடைய மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் அரத்தால் தேய்த்து, ராவிப் பொருத்தியிருக்கிறார். "பொருந்தலன்னா வுட்ருவமா? பொருத்தறதுக்குத்தான நம்ம கீறோம்" என்பார். நான் தலையை ஆட்டுவேன்.

என் மகள் கல்யாணத்துக்கு முன்பும், அதற்குப் பிறகு கொஞ்ச காலமும், அம்பத்தூர் எஸ்டேட்டில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டாள். குழந்தைக்கு ஒரு வயது ஆனதிலிருந்து திரும்பப் போக வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி கூடாது என்று சொல்லவில்லை. "இப்ப இன்னா அவசரம்?" என்று மட்டும் சொன்னார். அந்த வீட்டில் அதற்கு மேல் யாரும் பேசவில்லை. மாப்பிள்ளை தங்கமான பையன், ஆனால் அப்பா இருக்கும் அறையில் டிவி ரிமோட்டைக்கூடத் தொட மாட்டான்.

"அப்பா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா மாமா கேப்பார்ப்பா. உங்க மேல அவருக்கு ரொம்ப மரியாதை" என்றாள் மகள்.

"நேரம் பாத்துச் சொல்றேன்மா" என்றேன்.

நேரம் பார்ப்பதில் எனக்கு நிகர் கிடையாது. அவருக்கு முட்டி வலி என்றால் அது நேரமில்லை. கிரிக்கெட்டில் நம் அணி தோற்றால் அது நேரமில்லை. ஜெயித்தாலோ, அவ்வளவு சந்தோஷமாக இருக்கிற மனிதரிடம் போய் ஏன் இதைக் கிளப்ப வேண்டும் என்று தோன்றும். இப்படியே பேத்திக்கு இரண்டாவது பிறந்தநாள் வந்து கேக்கும் வெட்டியாயிற்று. அதற்கடுத்த வாரம் பரிசோதனைக் கூடத்திலிருந்து மகளுக்கு போன் வந்தது. ஒரு இடம் காலியாகிறது, மாதக் கடைசி வரை அவளுக்காக வைத்திருப்பார்கள், அப்புறம் வேறு ஆள் போட்டுவிடுவார்கள். அதை என்னிடம் சொல்லும்போது அவள் குரல் சரியாக இல்லை. "இந்தத் தடவை விட்டா அவ்வளவுதான்ப்பா" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் பிஸ்டல் மேகசின்கள் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தன.

சம்பந்தி வீட்டுக்குப் பக்கத்து மனையில் வீடு கட்டிக் குடிவந்தவர் ஒரு சுபேதார். அவருடைய படைப்பிரிவின் நினைவுக்கூடம் ஆவடிப் பக்கம் இருந்தது. பழைய கொடிகள், பதக்கங்கள், போர்களில் கைப்பற்றியது, பரிசாக வந்தது என்று பல தேசத்துப் பிஸ்டல்கள். எல்லாம் குழல் அடைத்துச் செயலிழக்கச் செய்தவை. பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வரப்போகிறார், வெல்வெட் பதித்த புதுக் கண்ணாடிப்பெட்டி தயார். பிஸ்டல்களும் ஒழுங்காக இருந்தன. அவற்றின் மேகசின்கள்தான் ஒரு பிஸ்கட் டின்னில் துரு ஏறிக் கலந்து கிடந்தன. எது எதனுடையது என்று சொல்லவும் சுத்தம் செய்யவும் ஆள் இல்லை என்று சுபேதார் சொல்ல, சம்பந்தி அந்த இடத்திலேயே ஏற்றுக்கொண்டுவிட்டார்.

"எங்க சம்பந்தி இன்ஸ்பெக்சன்ல இருந்தவரு. நான் செய்வேன், அவரு ஓகே போடுவாரு" என்று என்னையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

மகள் போனில், "போங்கப்பா. தினமும் கூடவே இருக்கப்போறீங்க, இதைவிட நல்ல நேரம் எப்ப வரும்?" என்றாள். அதனால் மேனாம்பேட்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து டிபன் டப்பாவுடன் நினைவுக்கூடத்துக்குக் கிளம்பினேன்.

மேகசின் என்பது பிஸ்டலின் கைப்பிடிக்குள் செருகுகிற தகட்டுக் கூடு. உள்ளே ஒரு ஸ்பிரிங், அதன் தலையில் குண்டுகளை மேலே தள்ளுகிற ஒரு சின்னத் தகடு, அடியில் ஒரு மூடி. இவ்வளவுதான் சமாச்சாரம். ஆனால் ஒவ்வொரு தேசத்துக்காரனும் இதைத் தன் புத்திப்படி செய்திருக்கிறான். ஒருவன் குண்டுகளை இரண்டு வரிசையாக அடுக்கக் கூட்டைத் தடிமனாக்கினான், இன்னொருவன் ஒற்றை வரிசையோடு மெலிதாக நிறுத்திக்கொண்டான். ஒன்றைப் பக்கவாட்டில் இருக்கும் பள்ளத்தில் கொக்கி பிடித்து நிறுத்தும், மற்றொன்றை கைப்பிடியின் அடியில் பின்பக்கம் இருக்கும் கொக்கி பிடிக்கும். எத்தனை குண்டு மிச்சம் என்று பார்க்கும் துளைகள், தகட்டின் மடிப்பு, அதன் விளிம்புகள் சேரும் தையல், உளியால் குத்திய சின்ன முத்திரை, இவற்றை வைத்து எது எந்தப் பிஸ்டலின் ஜோடி என்று சொல்லிவிடலாம். நான் வீட்டில் செல்போனில் தேடித்தேடிப் படித்துக்கொண்டு போனேன்.

சம்பந்தியின் முறை எளிமையானது. உள்ளே போனால் ஜோடி.

முதல் நாளே ஒரு ஜெர்மன் பிஸ்டலுக்குள் ரஷ்ய மேகசின் ஒன்றைத் தள்ளினார். பாதியில் நின்றது. கைப்பிடியின் அடியில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். போயே போய்விட்டது. "பாத்தீங்களா, டைட்டா கீது, ஒரிஜினல் ஜோடி" என்றார். அது ஜோடியில்லை என்று எனக்குத் தெரியும். "அருமையா உக்காந்துடுச்சு சம்பந்தி" என்றேன். அதை வெளியே எடுக்க எங்கள் இருவருக்கும், சுபேதாருக்கும், ஒரு மரச்சுத்திக்கும் மத்தியானம் வரை ஆயிற்று.

ஸ்பிரிங் இன்னொரு நாள் விளையாடியது. அடிமூடியை நகர்த்தும்போது கட்டைவிரலால் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். சம்பந்தி பிடிக்கவில்லை. அது பாய்ந்து போய் சுபேதாரின் டீயில் விழுந்தது. "ஸ்பிரிங்குக்கு இன்னும் உயிர் கீது" என்று சம்பந்தி சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட்டேன். சுபேதார் மட்டும் சட்டையைத் துடைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். கழற்றிய ஒவ்வொன்றையும் எண்ணிவைத்துவிட்டுத்தான் அவர் எங்களை வெளியே விடுவார். "வெறும் கூடுன்னாலும் ஆயுதச் சட்டத்துல ஆயுதம்தான் சார். பாக்கெட்ல தெரியாம போச்சுன்னாகூட எனக்கு வேலை போயிடும்" என்பார்.

சுத்தம் செய்வதிலும் எங்களுக்குள் கருத்து வேற்றுமை இருந்தது. அது சம்பந்திக்குத் தெரியாது. பழைய பொருளைப் புதுப்பிப்பது என்றால் துருவை மட்டும் எடுத்துவிட்டு, காலம் கொடுத்த நிறத்தையும் முத்திரையையும் தொடாமல் விடுவது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பித்தளைத் தகட்டால் பொறுமையாகச் சுரண்டி, மெல்லிய எண்ணெய் ஒரு கை தடவினால் போதும். சம்பந்திக்கோ எல்லாவற்றையும் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, ஒரே கறுப்பு பெயிண்ட் அடிக்க வேண்டும். கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அடிச்சா ஜோரா இருக்கும் சம்பந்தி. ஆனா வரப்போற அதிகாரிக்குப் பெயிண்ட் வாடை ஆகாதாமே" என்றேன். அந்த அதிகாரியை நான் பார்த்ததுகூட இல்லை. சம்பந்தி பெயிண்ட் டப்பாவை ஓரமாக வைத்தார். இந்த மாதிரிப் பொய்களில் நான் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தேன். மகள் விஷயத்தில்தான் ஒரு பொய்யும் உதவவில்லை, உண்மையும் வெளியே வரவில்லை.

ஒருநாள் சம்பந்தியே அந்தப் பேச்சின் பக்கம் வந்தார். ஒரு மேகசினைத் துடைத்துக்கொண்டே, "கொழந்த வளர்ற வரிக்கும் அம்மா கூடவே கீறதுதான் நல்லது. நீங்க இன்னா சொல்றீங்க சம்பந்தி?" என்று கேட்டார்.

தங்கத் தட்டில் வைத்து நீட்டிய நேரம் அது. என் மகள் அங்கே இருந்திருந்தால் என் முதுகில் குத்தியிருப்பாள்.

"நூத்துக்கு நூறு சரி சம்பந்தி" என்றேன்.

மாதம் முடிய நான்கைந்து நாள் இருந்தபோது டின்னின் அடியில் கிடந்த கடைசி மேகசினை எடுத்தேன். துருக்கட்டியாக இருந்தது. ஊறவைத்துச் சுரண்டச் சுரண்ட நிறம் தெரிய ஆரம்பித்தது. மேல்பாதி சாம்பல் நிறம், கீழ்ப்பாதி கருநீலம், நடுவில் கோடு போட்டதுபோலப் பிரிவு. அடியில் ஒரு சின்னக் கம்பி வளையம். முதல் உலகப் போருக்கும் முந்தைய அமெரிக்க நாற்பத்தைந்து காலிபர் பிஸ்டலின் மேகசின். குண்டைப் பிடிக்கும் மேல் உதடுகள் தேயாமல் இருக்க மேல்பாதியை மட்டும் சூடேற்றிக் கடினப்படுத்துவார்கள், அந்தச் சூட்டில் மேல்பக்கத்து நீலம் போய்விடும். அதுதான் இரண்டு நிறம். குதிரைப்படைக்காரன் ஓடும் குதிரையில் மேகசினை மாற்றும்போது கைதவறிக் கீழே போட்டால் தொலையாமல் இருக்க, கயிறு கோத்துக்கொள்ளத்தான் அந்த வளையம். சில வருஷங்களிலேயே வளையம் தேவையில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அதனால் வளையத்தோடு கிடைப்பது அபூர்வம். வேலை பார்த்த காலம் முழுக்கக் குறை தேடியே பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு, அதில் சொல்ல ஒரு குறையும் இல்லை. அதை அப்படியே கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சொன்னால் சிரிப்பார்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் மகள் விஷயத்தைப் பேசியே தீர்வது என்று முடிவோடு போனேன். வழியெல்லாம் வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன். போய்ச் சேர்ந்தபோது சம்பந்தி ஏற்கெனவே வேலையில் இறங்கியிருந்தார்.

"சம்பந்தி, உங்ககிட்ட ஒரு விஷயம்…" என்று ஆரம்பித்தேன்.

"சொல்லுங்க, கேட்டுகினே செய்றேன்" என்றவர் எதையோ மேஜையில் இருந்த வைஸ் பிடியில் வைத்து இறுக்கினார். பார்த்தேன். அந்த மேகசின். தலைகீழாக, வளையம் மேலே தெரிய.

"வெல்வெட்டுல நிக்க மாட்டேங்குது. எவனோ பின்னாடி இந்த வளையத்த வெச்சிகீறான். ராவிட்டா நேரா ஒக்காரும். அப்பால பாதி வெளுத்துப் போயிகீது, அதுக்கு மட்டுமாவது பெயிண்ட் அடிக்கணும். நீங்க சொல்லுங்க."

அரம் வளையத்தின் மேல் ஒரு இழுப்பு இழுத்தது. என் நாக்கில் மகளின் வாக்கியம் நின்றது. இரண்டாவது இழுப்பு. இரும்புப்பொடி மேஜையில் விழுந்தது. வாக்கியம் மறந்துவிட்டது. மூன்றாவது இழுப்பு.

"நிறுத்துய்யா!" என்று கத்தினேன்.

தொழிற்சாலையில் "ஆகாது" என்று சொன்ன அதே குரல், இப்போது கத்தலாக. ஓய்வு பெற்றபோது அதையும் ஒப்படைத்துவிட்டு வந்ததாக நினைத்திருந்தேன். "அது என்னன்னு தெரியுமாய்யா உனக்கு? பொருந்தலைன்னா எல்லாத்தையும் ராவிடுவியா? அது அப்படித்தான்யா இருக்கணும்! கையை எடு!" சுபேதார் வாசலில் இருந்து ஓடிவந்தார். நான் இரண்டு நிறத்தையும் குதிரைப்படையையும் வளையத்தையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தேன்.

சம்பந்தியின் முகத்தில் ஈயாடவில்லை. அரத்தைக் கீழே வைத்தார். வைஸைத் தளர்த்தினார். கையைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பிப் போய்விட்டார். வழக்கமாக என்னைப் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டுப் போகிறவர்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "சம்பந்தியைப் போய் 'ய்யா'ன்னீங்களா? அதுவும் இந்த நேரத்துலயா?" அன்று எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகளின் வாழ்க்கையை ஒரு கம்பி வளையத்துக்காகக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். நான் பயந்ததெல்லாம் அவள் மேல் அவர் கோபத்தைக் காட்டிவிடுவாரோ என்றுதான்.

மறுநாள் காலை மகளே கூப்பிட்டாள். "மாமா கோபமாவே இல்லைப்பா. வந்ததுல இருந்து அதையே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். 'உங்கப்பனுக்கு அப்பிடி ஒரு கொரலு கீதுன்னு எனக்கு இன்னிக்குத்தாம்மா தெரியும்'னு."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அதுல அப்படி என்னப்பா இருந்தது?" என்று கேட்டாள்.

சந்தோஷத்தில் விளக்க ஆரம்பித்தேன். மேல் உதடுகள், சூடு, நீலம், குதிரை, கயிறு. அவளும் அளவுக்கருவிகளோடு பழகியவள், ரசிப்பாள் என்று நினைத்தேன். முழுக்கக் கேட்டாள்.

"நல்லா சொல்றீங்கப்பா" என்றாள். பிறகு, "பாப்பா அழறா, வெச்சிடறேன்" என்றாள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் எதுவும் கேட்கவில்லை.

செல்போனைக் கீழே வைத்தேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு திருவேற்காட்டுக்குப் பஸ் ஏறினேன். இந்த முறை வாக்கியம் எதையும் மனப்பாடம் செய்யவில்லை.

சம்பந்தி வாசலிலேயே, "வாய்யா, வாய்யா!" என்றார். பழிக்குப் பழி. உள்ளே போய் உட்காரும் முன்பே சொன்னேன். "சம்பந்தி, என் பொண்ணு வேலைக்குப் போகணும். அவளுக்கு அது வேணும். மாசக் கடைசிக்குள்ள சேரலைன்னா இடம் போயிடும். நீங்க தடுக்கக் கூடாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நானா தடுத்தேன்? அய்யே, இன்னா சம்பந்தி சொல்றீங்க? நீங்க ஒருதபாகூட வாயத் தொறக்கலியே. பெத்த அப்பனே பேசலன்னா இன்னா அர்த்தம்? பொண்ணு வேலைக்குப் போறது உங்களுக்குத்தான் புடிக்கலன்னு நெனச்சிகினு கீறேன். அன்னிக்கு உங்க வாயப் புடுங்கலாம்னுதான் கொழந்த பேச்ச எடுத்தேன். நூத்துக்கு நூறுன்னு சொன்னீங்களா இல்லியா? உங்க மனசு நோவக் கூடாதுன்னுதான் இப்ப இன்னா அவசரம்னு சொல்லிகினு இருந்தேன்."

நான் அவருக்குக் காட்டிய மரியாதையை அவர் எனக்குத் திருப்பிக் காட்டியிருக்கிறார். நடுவில் என் மகள் ஒரு வருஷமாகச் சமையலறையில் நின்றிருக்கிறாள். அன்றும் அங்கேதான் நின்றிருந்தாள். பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோயிருந்தது.

"போவட்டும். கொழந்தைய நம்ம ரெண்டு பேரும் பாத்துக்கலாம். மேகசின் வேலதான் முடிஞ்சிபோச்சே" என்றார் சம்பந்தி.

மகள் வேலையில் சேர்ந்தாள். நான் தினமும் திருவேற்காடு போகிறேன். பேத்தி எங்கள் இருவரையும் மேய்க்கிறாள். சம்பந்தியோடு இப்போதெல்லாம் காபியில் ஆரம்பித்து எல்லாவற்றுக்கும் சண்டை போடுகிறேன், அவருக்கும் அது பிடித்திருக்கிறது.

அதிகாரி பார்வையிட்டுப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பங்களை அழைத்துக் கூடத்தைக் காட்டினார்கள். அந்த மேகசினுக்காகவே வெல்வெட்டில் ஒரு குழி வெட்டியிருந்தார்கள். வெட்டியவர் சம்பந்திதான். வளையம் குழிக்குள் போய்விடாமல் சாய்த்துப் படுக்கவைத்து, அரம் பட்ட தழும்பு வெளியே தெரியும்படி வைத்திருந்தார். வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, "இங்கதான் எங்க சம்பந்தி கத்துனாரு" என்று காட்டிக்கொண்டிருந்தார்.

என் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் முகம் ஒட்டக் குனிந்து, அந்தத் தழும்பை நெடுநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"இதுக்கு மூணே இழுப்புல கத்திட்டீங்கப்பா" என்றாள். "எனக்குத்தான் ஒரு வருஷம் ஆச்சு."